எடுக்கவோ, கோக்கவோ: அப்பத்தா சொன்ன கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கேட்டவர் தேவகோட்டைக்காரர், இப்போது பெங்களூரில் வேலை. சிறுவயதில் அவருடைய அப்பத்தா வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பாரதக் கதை சொல்வாராம். கர்ணனும் துரியோதனன் மனைவியும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கணவன் வருவதைக் கண்டு அவள் எழுகிறாள். அவன் வந்தது தெரியாத கர்ணன், தோற்றுப்போய் ஓடப் பார்க்கிறாள் என்று நினைத்து மேகலையைப் பிடித்து இழுக்க, மணிகள் தெறித்துச் சிதறுகின்றன. துரியோதனன் முகம் சுளிக்காமல், ‘எடுக்கவோ, கோக்கவோ’ என்று கேட்கிறான். இந்தக் கதையை அவர் தன் பதினொரு வயது மகளுக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு முழு மகாபாரத மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு இருவரும் தேடியிருக்கிறார்கள். பதினெட்டுப் பருவத்திலும் அது இல்லை. “அப்பத்தா பொய் சொன்னார்களா?” என்று மகள் கேட்டுவிட்டாள். எது உண்மையான கதை, எந்த மொழிபெயர்ப்பை நம்பி வாங்குவது, ஊர் வீட்டு இரண்டாங்கட்டில் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய புத்தகங்களை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அப்பத்தா பொய் சொல்லவில்லை. புத்தகமும் எதையும் ஒளிக்கவில்லை. நீங்கள் வாங்கியது வியாசர். அப்பத்தா சொன்னது, பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார். வில்லிபாரதத்தில் போருக்கு முன் குந்தி கர்ணனைத் தேடிச் சென்று, நீ என் மகன், தம்பிகள் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும் இடத்தில் கர்ணனே இதைச் சொல்கிறான். தனியிடத்தில் மேகலை மணி உதிர்ந்தபோது ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்டவனுக்காகப் போர்முனைக்குச் சென்று ‘செஞ்சோற்றுக் கடன்’ கழிப்பதே எனக்குப் புகழும் கருமமும் தருமமும் என்கிறான். நாம் நாள்தோறும் புழங்கும் ‘செஞ்சோற்றுக் கடன்’ அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வில்லியின் பாட்டில் ஆட்டமே கிடையாது. மேகலை, மணி, தனியிடம், கேள்வி, அவ்வளவுதான். என்ன ஆடினார்கள், யார் தோற்றார்கள் என்பதெல்லாம் கதை சொன்னவர்களும் பாரதம் படித்தவர்களும் பிற்பாடு சினிமாவும் சேர்த்தவை. வியாசர்மேல் வில்லி ஒரு சுவர் எழுப்பினார், அதன்மேல் உங்கள் அப்பத்தா ஒரு மாடம் வைத்தார்.

அப்படியானால் வியாசரின் கர்ணன் ஏன் துரியோதனனை விட்டுப் போகவில்லை? உங்கள் மகளுக்கு இதைத்தான் நான் படித்துக் காட்டுவேன். உத்தியோக பருவத்தில், தூது வந்த கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிறப்பின் உண்மையைச் சொல்லி, நீதான் மூத்தவன், அரசு உனக்கே என்கிறான். கர்ணன் மறுமொழியில் துரியோதனனின் நட்பும் அவன் தந்த அரசும் வருகின்றன. ஆனால் முதலில் வருபவள் வளர்த்த தாய் ராதை. என்னைக் கண்ட அன்பிலேயே அவளுக்குப் பால் சுரந்தது, என் மலத்தையும் சிறுநீரையும் அள்ளினாள், அவளுக்கு எப்படி நான் பிண்டம் இல்லாமல் செய்வேன் என்று கேட்கிறான். வளர்த்த தந்தை அதிரதன் எனக்குச் சடங்குகள் செய்தான், அவர்கள் குலத்தில் பெண் கட்டினேன், பிள்ளை பெற்றேன். பூமி முழுவதையும் பொற்குவியலையும் தந்தாலும் இந்த உறவைப் பொய்யாக்க மாட்டேன் என்கிறான்.

பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பெற்ற வீடு ஒரு தெருவிலும் வந்த வீடு அடுத்த தெருவிலுமாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெரியப்பச்சியே அப்படி வந்தவர்தான். உத்தியோக பருவத்தின் இந்த இடத்தை அவருக்கு ஒருமுறை வாசித்தேன். பிண்டம் என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, முகப்புக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மணி சிதறும் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அவரை அப்படி எழுப்பி அனுப்பியிராது. இரண்டு கர்ணர்களும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வில்லியின் கர்ணன் நண்பனுக்குப் பட்ட கடனில் நிற்கிறான். வியாசரின் கர்ணன் தன்னை எடுத்து வளர்த்த ஒரு தேரோட்டி வீட்டின் மானத்தில் நிற்கிறான்.

நம் மொழியில் வடநூல்களைக் கொண்டுவந்த பெரியவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றுவதைத் தங்கள் வேலையாக நினைக்கவில்லை. தொல்காப்பிய மரபியல், முன்னுள்ள நூலைத் தழுவி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்கிறது. வெறுமனே பெயர்த்தால் போதாது, நெறிப்படக் கட்டவும் வேண்டும். இலட்சம் சுலோகம் என்று சொல்லப்படும் பாரதத்தை வில்லி 4,300 பாடல்களுக்குச் சற்று மேல் என்ற அளவில் சுருக்கினார். கம்பரோ இராமாயணத்தைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கட்டினார். தேவபாடையில் இக்கதை செய்த மூவரில் முந்தியவர் சொன்னபடி சொல்கிறேன் என்று பாயிரத்தில் வால்மீகிக்கு வணக்கம் வைத்துவிட்டு, உள்ளே போய்த் தன் வழியில் கட்டினார்.

ஓர் இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வால்மீகியில் இராவணன் சீதையை ஒரு கையால் கூந்தலையும் மறுகையால் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதை ஏற்கவில்லை. விரும்பாத பெண்ணைத் தொட்டால் அழிவான் என்ற சாபம் இருக்கிறது என்று சொல்லி, அவள் இருந்த பன்னசாலை என்னும் குடிலோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போக வைக்கிறார். மாற்றிவிட்டு மறந்துபோகவும் இல்லை. சுந்தர காண்டத்தில் அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்லும்போது, ‘உம்பி புல்லினால் தொடுத்த தூய சாலையில் இருந்தாள்’ என்கிறான். இலங்கையில் அசோகவனத்தில் இலக்குவன் கட்டிய அதே புல்வீடு! நிலத்தோடு பெயர்த்தது, நிலத்தோடு அங்கே இறங்கியிருக்கிறது. இராமனுக்கு அந்த ஒரு வரி போதும், வேறு சான்று கேட்கத் தேவையில்லை. வால்மீகியை மட்டும் படித்தவருக்கு இந்த வரி கிடைக்காது. கம்பரை மட்டும் படித்தவருக்கு அந்தக் கூந்தலைப் பற்றிய கையின் கொடுமை தெரியாது. அகலிகையும் அப்படித்தான். கம்பரில் கல்லாகிறாள். வால்மீகியில் கல் கிடையாது. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஆசிரமத்தில் இருக்கிறாள்.

இதைவிடப் பழைய செய்தியும் ஒன்று. கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வால்மீகியில் இல்லாத இராமகதைத் துணுக்குகளைத் தமிழர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அகநானூற்றின் 70ஆம் பாட்டு, பாண்டியரின் கோடித் துறையில் ஓர் ஆலமரத்தடியில் இராமன் மறைபொருள் பேசும்போது பறவைகளின் ஒலி அடங்கியதைச் சொல்கிறது. காதலரைப் பற்றி ஊரார் பேசும் அலர் அடங்கியதற்கு உவமையாக, போகிற போக்கில் சொல்கிறது. கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்த கதை என்றால்தானே உவமையாக வைக்க முடியும்? புறநானூறு 378, சீதை போட்டுவிட்டுப் போன நகைகளைக் குரங்குகள் எடுத்து எங்கே அணிவதென்று தெரியாமல் மாட்டிக்கொண்ட கூத்தைப் பேசுகிறது. சேதுவும் தேவிபட்டினமும் திருப்புல்லாணியும் நமக்குப் பக்கத்து ஊர்கள். கதை நடந்ததாகச் சொல்லும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் அதை வடக்கிலிருந்து ஏடு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

மூலம் எது என்ற கேள்விக்கு வடமொழியிலும் ஒற்றை விடை இல்லை. புணேயில் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966 வரை, 1,259 சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதச் செம்பதிப்பைக் கொண்டுவந்தது. வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை அந்தப் பதிப்பின் மூலப் பகுதியில் இடம்பெறவில்லை. பின்னால் சேர்ந்தது என்று பிற்சேர்க்கைக்கு அனுப்பிவிட்டார்கள். இதைப் பிள்ளையார்பட்டி சந்நிதியில் நின்று உரக்கச் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒரு பக்கம் கறாராகவும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரு வகையில் சரிதான் என்று கையை விரித்துவிட்டால் படிப்பே வேண்டாம். இலக்குவன் கிழித்த கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. அணில் முதுகில் மூன்று கோடு விழுந்த கதை வால்மீகியில் இல்லை. ஆனால் அணை கட்ட உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் வைத்திருக்கிறார். திரௌபதி துரியோதனனைப் பார்த்து ‘குருடன் மகன் குருடன்’ என்று சொன்னதாகச் சொல்வதும் வியாசரில் இல்லை. மயன் மண்டபத்தில் அவன் நீரில் விழுந்தபோது சிரித்ததாக வருபவன் முதலில் பீமன். பிற்பாடு தந்தையிடம் குமுறும்போதுதான் துரியோதனன் திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்கிறான். அந்த ஒரு வசைச்சொல்லை அவள் வாயில் திணித்துவிட்டு, போருக்கே அவள் நாக்குதான் காரணம் என்று பேசும் பெரியவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கதையில் சேர்ப்பவர்கள் எல்லாரும் உங்கள் அப்பத்தாவைப் போல அழகுக்காகச் சேர்ப்பதில்லை.

இன்னொன்று, அடகுக்கடையிலிருந்து பலகாரக்கடை வரை கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் ‘கீதாசாரம்’. எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது என்று தொடங்குமே, அது. கீதையின் 700 சுலோகங்களில் எங்கு தேடினாலும் அது கிடைக்காது. அதைப் போலவே ‘கடமையைச் செய், பலனை எதிர்பாராதே’ என்பதும் பாதிதான். இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகம் நான்கு செய்தி சொல்கிறது: செயலில்தான் உனக்கு உரிமை, பலன்களில் ஒருபோதும் இல்லை, பலனுக்காக மட்டும் செயலில் இறங்காதே, செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே. நான்காவதை யாரும் கண்ணாடி போட்டு மாட்டுவதில்லை. கீதைக்குப் பாரதியாரின் உரைநடை மொழிபெயர்ப்பை முதலில் வாங்குங்கள். மெலிந்த புத்தகம், நேரான தமிழ். சுலோகத்துக்குச் சுலோகம் விளக்கம் வேண்டுமானால் திருப்பராய்த்துறை சுவாமி சித்பவானந்தர் உரை இருக்கிறது. நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனும் கீதைக்கு எழுதியிருக்கிறார்; கவிஞர் பேசுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவரை மூன்றாவதாக வையுங்கள்.

பாரதத்துக்கு வருகிறேன். மகளோடு சேர்ந்து தொடங்குவதற்கு ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ போதும். வாக்கியம் சிறியது, கதை ஓடும். நடுநடுவே அவர் நின்று நீதி சொல்வார். உங்கள் மகள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போனால் தடுக்க வேண்டாம். இராமாயணத்துக்கு அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’, 1958இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. வால்மீகி சொல்வது இப்படி, கம்பர் மாற்றியது இப்படி என்று அவரே ஆங்காங்கே சொல்லிவிடுவதால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு ஏற்ற புத்தகம்.

முழுப் பாரதம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பு. பண்டிதர்களைக் கொண்டு மொழிபெயர்க்கவைத்து, கால் நூற்றாண்டு பாடுபட்டு, கைப்பொருளை இழந்து 1932இல் முடித்தார். வடசொல் மிகுந்த பழைய நடை. முதல் ஐம்பது பக்கம் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடப்பது போல இருக்கும், பிறகு கால் பழகிவிடும். மற்றது செ. அருட்செல்வப்பேரரசன் 2013இல் தொடங்கி 2020இல் முடித்த மொழிபெயர்ப்பு. இது கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. வடமொழியிலிருந்து நேராக வரவில்லை என்று சிலர் முகம் திருப்புவார்கள். ஒற்றை ஆளாக முழுவதையும் இன்றைய தமிழில் முடித்துக் கொடுத்திருக்கிறார், அதை முதலில் படித்துவிட்டுத் திருப்பட்டும்.

‘எளிய தமிழில்’ என்று அட்டையில் போட்டுக் கடைகளில் குவிந்திருக்கும் ஒற்றைத் தொகுதிகளை எடைபோட நான் ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறப்பேன். சபையில் சூது முடிந்து, அழைத்துவரப் போன ஆளிடம் திரௌபதி சொல்லி அனுப்பும் கேள்வி அதில் இருக்கிறதா? ‘முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா?’ தன்னைத் தோற்று அடிமையானவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்ற வழக்கு அது. பீஷ்மரே தருமம் நுட்பமானது என்று திணறும் இடம். பல சுருக்கங்களில் இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, அவள் அழுதாள், கண்ணன் சேலை தந்தான் என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். அந்தப் புத்தகத்தை அப்படியே அடுக்கில் வைத்துவிட்டு வாருங்கள், அட்டைப்படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

உபநிடதங்களை இப்போதைக்கு விடலாம். ஆசை இருந்தால் கடோபநிடதத்தின் தொடக்கத்தை மட்டும் மகளுக்குச் சொல்லுங்கள். தந்தை தானம் கொடுக்கும் பசுக்கள், கடைசித் தண்ணீரைக் குடித்தவை, கடைசிப் புல்லைத் தின்றவை, பால் வற்றியவை. அதைப் பார்த்த சிறுவன் நசிகேதன், என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று மூன்று முறை கேட்டு, எமன் வாசலில் போய் மூன்று இரவு காத்திருக்கிறான். பதினொரு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

கம்பரைப் படிப்பது வேறு, கேட்பது வேறு. சந்தி பிரித்துப் பொருள் எழுதிய பதிப்பாகப் பார்த்துச் சுந்தர காண்டத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு பங்குனியில் மகளை ஊருக்கு அழைத்து வாருங்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் நிறைவு பெறும். எங்கள் வீட்டில் புரட்டாசியில் இராமாயணம் படிப்பார்கள். வாசிப்பவர் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். திண்ணையில் இருக்கும் கிழவர்களில் யாராவது அடுத்த அடியை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். புத்தகத்தில் கண்ணால் படித்தபோது எனக்குத் தடுக்கிய பாடல்கள் அங்கே காதில் விழுந்தபோதுதான் பிடிபட்டன.

கடைசியாகத் தகரப் பெட்டி. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பங்காளிகள் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் முதலில் போவது காகிதம்தான். தேக்குத் தூணுக்கு விலை பேச ஒரு மணி நேரம் நிற்பவர்கள் புத்தக மூட்டையை பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரரிடம் பேரமே பேசாமல் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டு, இப்படிப் போகவிருந்த புத்தகங்களையும் துண்டு வெளியீடுகளையும் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. உங்கள் பெட்டியில் முன்பக்கம் கிழிந்திருந்தால் கவலை இல்லை. நூலகத்தார் எழுத்தையும் உள்தலைப்பையும் வைத்தே சொல்லிவிடுவார்கள். வெயிலில் நேராகக் காயப்போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள், இடையிடையே வசம்பு போடுங்கள். பக்கங்களை அரிக்கும் அந்த வெள்ளிப் பூச்சிக்கு நம்மவர்கள் இராமபாணம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இராமாயணத்தையும் அது விடுவதில்லை. கெட்டியான தொகுதி எதையும் இரவல் கொடுக்காதீர்கள். என் சாந்தி பருவம் போய் இருபது ஆண்டாகிறது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து அப்பத்தாவின் கதைகளை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். அச்சில் இருப்பவை எங்கேயும் போகாது. வில்லி விட்டுவைத்த அந்த இடத்தில் உங்கள் அப்பத்தா என்ன ஆட்டத்தை வைத்தார்? சொக்கட்டானா, தாயமா? எங்கள் அப்பத்தா பல்லாங்குழி என்றார். சிதறிய மணிகளில் இரண்டு, சோழியோடு கலந்து குழிக்குள் விழுந்துவிட்டன என்று வேறு சொன்னார்.